யோஅசோபியின் ‘தி புக்’: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கே: ஜே-பாப் எனும் ஜப்பானிய பாப் இசைப் பக்கமே போகாதவன் நான். மினி ஆல்பம் என்றால் என்ன சார்?

ப: சிங்கிளைவிடப் பெரிசு, முழு ஆல்பத்தைவிடச் சின்னது. பெரும்பாலும் ஐந்திலிருந்து எட்டுப் பாட்டு இருக்கும். யோஅசோபி என்ற ஜப்பானிய இரட்டையர் 2021 ஜனவரி 6 அன்று வெளியிட்ட ‘தி புக்’கில் 9 தடங்கள். முதலும் கடைசியும் வெறும் வாத்தியம், ஆகவே பாட்டு என்று பார்த்தால் 7. முதல் தடத்தின் பெயர் ‘எபிலாக்’ (முடிவுரை), கடைசியாக வருவது ‘புரோலாக்’ (முன்னுரை). வேண்டுமென்றே செய்த குறும்பு!

கே: அதில் இருப்பதெல்லாம் ஏற்கெனவே வந்த பாட்டாமே. கேட்ட பாட்டையே திரும்ப யார் காசு கொடுத்து வாங்குவார்கள்?

ப: இந்த ஆல்பத்தின் சூட்சுமமே அதுதான். ‘யோரு நி காகேரு’ 2019 டிசம்பரில் இணையத்தில் மட்டும் வெளியானது. ஆல்பத்தோடு வந்த ‘என்கோர்’ தவிர, மற்றவை அடுத்த ஆண்டு ஒவ்வொன்றாக வந்தன. ‘ஹருகா’ டிசம்பர் 18இல்தான் வந்தது. ஒன்றுகூட சிடியாகக் கடைக்குப் போகவில்லை. அப்படி இருந்தும் பில்போர்டு ஜப்பானின் 2020 ஆண்டுப் பாடல் தரவரிசைப் பட்டியலில் ‘யோரு நி காகேரு’ முதலிடம். சிடி சிங்கிளாக வராத பாட்டு அந்த இடத்தைப் பிடித்தது அதுவே முதல் தடவை. ஆக, ரசிகர்கள் ஒரு வருஷமாகக் காதில் வைத்திருந்தார்கள், கையில் எடுத்துப் பார்க்க ஒன்றும் இல்லை. அந்த இடத்தில் சோனி இதைக் கொண்டுவந்து வைத்தது: பைண்டர் வடிவில், அலமாரியில் நிறுத்தி வைக்கிற மாதிரி, அளவாக அச்சிட்ட பதிப்பு. பாட்டுக்காக வாங்கியவர்களைவிட அந்தப் பொருளுக்காக வாங்கியவர்கள்தான் அதிகம் என்பது என் கணிப்பு. இசைச் சந்தையின் வருமானத்தில் பாதிக்கு மேல் இன்னும் சிடி, டிவிடி போன்றவற்றிலிருந்து வந்துகொண்டிருந்த நாடு அது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கே: அண்ணா, நம்ம ஊரில் படத்துக்குப் பாட்டு போடுவார்கள். இவர்கள் கதைக்குப் பாட்டு போடுகிறார்களா?

ப: ஆமாம் தம்பி. சோனி நடத்தும் மோனோகதாரி என்ற தளத்தில் யார் வேண்டுமானாலும் சிறுகதை எழுதலாம். அங்கே வந்த கதைகளைப் பாட்டாக்கத் தொடங்கிய இரட்டையர்தான் யோஅசோபி. இசையும் வரிகளும் அயாசே, குரல் இகுரா. அயாசே, கணினிக் குரலில் பாட வைக்கும் வோகலாய்டு மென்பொருளை வைத்துப் பாட்டுக் கட்டிப் பழகியவர். மனிதத் தொண்டைக்குச் சிரமமான தாவல்களை அவர் தயங்காமல் எழுதுவதற்கு அதுதான் காரணம் என்பேன்; இகுராவும் அசராமல் பாடிவிடுகிறார். ‘யோரு நி காகேரு’வுக்கு அடிப்படை மரணத்தைச் சுற்றி வரும் இருண்ட கதை. மெட்டோ துள்ளல்! கதை தெரிந்த பிறகு கேட்டுப் பாருங்கள், வேறு பாட்டாகத் தெரியும்.

கே: டிவியில் வந்ததால்தான் விற்றது என்கிறார் என் நண்பர். சரியா?

ப: பாதி சரி. 2020 டிசம்பர் 31 இரவு, ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்ஹெச்கேயின் ‘கோஹாகு’ என்ற ஆண்டிறுதிப் பாட்டு நிகழ்ச்சி, வீட்டில் பெரியவர்களும் உட்கார்ந்து பார்ப்பது. டிவியில் அவர்கள் பாடியது அதுவே முதல் முறை. இடம் சைதாமாவில் உள்ள கதோகாவா முசாஷினோ அருங்காட்சியகத்தின் பிரம்மாண்டமான புத்தக அலமாரிகளுக்கு நடுவே. 6 நாள் கழித்து ‘தி புக்’ கடைக்கு வருகிறது. இதைத் தற்செயல் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். ஆனால் அந்த மேடை அவர்களுக்குக் கிடைத்ததே இணையத்தில் அடித்த அடியால்தான். அதை உங்கள் நண்பர் மறந்துவிட்டார்.

கே: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், பட்டியலில் எத்தனையாவது?

ப: ஜப்பானில் இசை விற்பனையைக் கணக்கெடுக்கும் ஓரிகானின் 2021 டிஜிட்டல் ஆல்பம் ஆண்டுப் பட்டியலில் முதலிடம். ஜனவரி முதல் வாரத்தில் வந்தது வருஷக் கடைசி வரை தாக்குப்பிடித்தது என்று அர்த்தம். சிடி பட்டியலை மட்டும் வைத்து வெற்றியை அளக்காதீர்கள். ‘ஐடல்’ எனப்படும் இளம் நட்சத்திரக் குழுக்களின் சிடியோடு, அவர்களோடு கைகுலுக்க அனுமதிக்கும் சீட்டு வரும். ஒரே ரசிகர் பத்து, இருபது என்று வாங்குவார். இங்கே அந்த வேலை இல்லை.

கே: பாதிப் பாட்டு விளம்பரத்துக்குப் போட்டதாமே?

ப: ‘என்கோர்’ கூகுள் பிக்சல் போனுக்கு, ‘குன்ஜோ’ ஆல்ஃபோர்ட் சாக்லேட்டுக்கு, ‘ஹல்சியோன்’ ஒரு எனர்ஜி பானத்தோடு சேர்ந்த முயற்சி. இப்படி விளம்பரத்தோடு கைகோக்கும் ‘டை-அப்’ என்பது ஜே-பாப்பில் பல பத்தாண்டுப் பழக்கம், யாரும் முகம் சுளிப்பதில்லை. ‘ஹல்சியோன்’ எனக்குச் சுமார்தான். ஆனால் ‘குன்ஜோ’வைக் குறை சொன்னால் சண்டைக்கு வருவேன். ஓவியம் வரையத் தொடங்கும் பள்ளி மாணவனின் கதையான ‘ப்ளூ பீரியட்’ மாங்காவிலிருந்து (ஜப்பானியச் சித்திரக்கதை) பிறந்த பாட்டு. அந்தக் கோரஸ் எழும்பும்போது சாக்லேட் யாருக்கு ஞாபகம் வரும்?

கே: இந்த வெற்றி ஒரு தடவையோடு முடிந்ததா?

ப: இல்லை. 2021 டிசம்பர் 1இல் ‘தி புக் 2’, 2023 அக்டோபர் 4இல் ‘தி புக் 3’. உலகமே கேட்ட ‘ஐடல்’ என்ற பாட்டு மூன்றாவதில் இருக்கிறது.

கே: எதிலிருந்து ஆரம்பிக்கட்டும்?

ப: ‘தாபுன்’. நிதானமான பாட்டு, இகுராவின் குரல் தெளிவாகப் பிடிபடும். அடுத்து ‘குன்ஜோ’. ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள்.