படுக்கைக் கணக்கு: கேள்வி பதில்

கேள்வி: தினமும் சராசரியாக 20 பேர் உள்நோயாளிகளாகச் சேர்கிறார்கள். ஆளுக்கு 5 நாள் தங்குகிறார்கள். 100 படுக்கை போதும்தானே?

போதாது. பெருக்கல் சரி, 1961இல் ஆய்வாளர் ஜான் லிட்டில் நிரூபித்த விதியும் அதுதான்: வருபவர் எண்ணிக்கையைத் தங்கும் நாளால் பெருக்கினால் உள்ளே இருப்பவர் எண்ணிக்கை. ஆனால் 100 என்பது சராசரியாக நிரம்பியிருக்கும் எண்ணிக்கை. திங்களன்று 30 பேர் வந்தால்? சராசரியை நம்பிக் கட்டாதீர்கள். 85 விழுக்காடு நிரம்பலாம் என்று வைத்தால் 118 வேண்டும். தங்கும் நாளை 4 ஆக்க முடிந்தால் அந்த 100 தானே 80 ஆகிவிடும். புதிய கட்டடத்துக்குச் செலவழிக்கும் முன், டிஸ்சார்ஜ் கையெழுத்து ஏன் மாலை வரை இழுக்கிறது என்று பாருங்கள்.

கேள்வி: 85 விழுக்காடு எல்லா வார்டுக்கும் பொருந்துமா?

இல்லை. 10 படுக்கை வார்டில் திடீரென மூன்று பேர் வந்தால் திணறும். 100 படுக்கை வார்டு தாங்கும்.

கேள்வி: ஐசியூவில் இரண்டு நோயாளிக்கு ஒரு செவிலியர். மூன்று ஷிஃப்ட், ஆகவே மூன்று பேர் போதும்.

ஞாயிற்றுக்கிழமை நோயாளிகளும் விடுமுறையில் போவார்களா? வாரத்துக்கு 21 ஷிஃப்ட். ஒருவர் பார்ப்பது 5. அதுவே 4.2 பேர். விடுப்பு, உடல்நலக் குறைவு, பயிற்சி சேர்த்தால் ஐந்து. இரண்டு படுக்கைக்கு ஐந்து பேர் என்றால், பத்துப் படுக்கை ஐசியூவுக்கு 25 செவிலியர்.

அவரே மீண்டும்: 12 மணி நேர ஷிஃப்ட் போட்டால் ஆள் மிச்சமாகுமே?

ஆகாது. வாரத்துக்கு 168 மணி நேரம்; ஒருவர் 40 மணி நேரம். கயிற்றை எத்தனை துண்டாக வெட்டினாலும் நீளம் அதேதான்.

ஒரு தலைமைச் செவிலியர் குறுக்கிட்டு: எங்களிடம் 25 எங்கே இருக்கிறது? 14 பேரை வைத்து ஓட்டுகிறோம்.

அப்படியானால் உங்களிடம் இருப்பது ஐந்து, ஆறு படுக்கைதான் அம்மா. மற்றவை கட்டில்கள். இதை நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுங்கள். 2002இல் அமெரிக்கச் செவிலியர் துறை ஆய்வாளர் லிண்டா ஐக்கன் குழு வெளியிட்ட ஆய்வில், அறுவைச் சிகிச்சைப் பிரிவில் ஒரு செவிலியருக்குக் கூடுதலாக ஒவ்வொரு நோயாளி சேரும்போதும் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு விகிதம் 7 விழுக்காடு கூடியிருந்தது. அதையும் இணையுங்கள்.

ஐசியூ கேள்வி கேட்டவர்: மிகைப்படுத்துகிறீர்கள். உதவியாளர்களை வைத்துச் சமாளிக்கலாம்.

குளிப்பாட்ட, படுக்கை மாற்ற வைக்கலாம். செவிலியருக்கு நேரம் மிஞ்சும். வென்டிலேட்டர் அலாரத்தை உதவியாளர்கள் தலையில் கட்டாதீர்கள்.

கேள்வி: இரவுப்படி பாக்கி வரவில்லை.

தொழிலாளர் சட்டம் தெரிந்தவரிடம் போங்கள்.

கேள்வி: ஐசியூவுக்கு 10 படுக்கை. எத்தனை செவிலியர்?

மேலே ஏற்கெனவே இருக்கிறது.