கடற்காற்றும் வேற்றுக்கிரகப் பொம்மைகளும்: அலுமாரிக்கு முன்னால் யன்னலைப் பாருங்கள்

கேள்வி: கல்முனையில் கடற்கரைப் பக்கம் இருக்கிறோம். ரொறன்ரோவில் இருக்கும் பெரியம்மாவின் மகன், ஸ்டார் வார்ஸ் படங்களில் வரும் வேற்றுக்கிரகவாசிப் பொம்மைகள் முப்பதுக்கு மேல் கப்பல் பார்சலில் அனுப்பினார். சில இன்னும் பெட்டி பிரிக்காதவை. பிரித்தவற்றை ஹோலில் கிழக்கு யன்னலோரம் தட்டில் அடுக்கினேன். ஒரு வருடத்துக்குள் சில பிசுபிசுக்கின்றன, இரண்டு கால் வளைந்து விழுகின்றன, வெள்ளையாக இருந்தவை மஞ்சளாகின்றன. கண்ணாடி அலுமாரி அடித்தால் சரியாகுமா? மற்றப் பெட்டிகளையும் பிரிக்கலாமா? அம்மா வேறு 'இந்த வெருளிகளை ஹோலிலிருந்து எடு' என்கிறார்.

பதில்: தம்பி, அலுமாரிக்குக் காசு கொடுக்க முதல் பொம்மைகளை அந்த யன்னலை விட்டு எடுங்கள். இன்றைக்கே. உங்கள் மூன்று பிரச்சினைகளும் தூசியால் வந்தவை அல்ல. கடலுக்கு மேலால் ஏறும் காலை வெயில்தான் காரணம். அதே இடத்தில் நாலு பக்கமும் கண்ணாடி போட்டு மூடினால் அது அலுமாரி இல்லை, பாண் போறணை.

இந்தப் பொம்மைகள் பெரும்பாலும் இரண்டு வகைப் பிளாஸ்டிக்கில் செய்யப்படுகின்றன. விறைப்பான பாகங்கள் ஏபிஎஸ். வளைந்து கொடுக்கும் தலை, கை, அங்கி எல்லாம் பிவிசி. பிவிசி தன்பாட்டில் கடினமான பொருள். எங்கள் வீட்டுத் தண்ணீர்க் குழாயும் அதே பிவிசிதான். அதை மெதுமையாக்க எண்ணெய் போன்ற ஒரு திரவத்தைக் கலக்கிறார்கள். சூடு படப்பட அந்தத் திரவம் மெல்ல மேலே கசியும். நீங்கள் தொட்டுப் பார்த்த பிசுபிசுப்பு அதுதான். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நிழலில் இருக்கும் பொம்மைக்கே இது வரும். வெயிலில் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

பிசுபிசுப்பைக் கழுவலாம். இளஞ்சூட்டுத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டு, மெதுவான பல் துலக்கியால் தேய்த்து, நிழலில் காற்றாட உலர விடுங்கள். துணி அங்கியும் பற்றரி வைத்தவையும் தண்ணீருக்குள் போகக்கூடாது. தின்னர், நகப்பூச்சு நீக்கி இரண்டையும் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள். பெயின்ரோடு முகமும் போய்விடும். கழுவினாலும் சில மாதத்தில் மறுபடி கசியலாம், திரும்பவும் கழுவுங்கள். பவுடர் பூசிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். அது பிசினோடு சேர்ந்து அழுக்குப் படலமாகிவிடும்.

வளைந்த காலுக்குச் சுடுதண்ணீர் போதும். கொதித்த தண்ணீரை இறக்கி வைத்து, கொதி அடங்கிய பிறகு காலை மட்டும் அரை நிமிடம் அமிழ்த்துங்கள். மெதுமையானதும் கையால் நேராக்கி, அப்படியே பிடித்தபடி ஐஸ் தண்ணீருக்குள் விடுங்கள். ஒரு தடவையில் நேராகாவிட்டால் இன்னொரு தடவை.

மஞ்சள் நிறத்துக்கு மட்டும் நல்ல செய்தி இல்லை. ஹைட்ரஜன் பெரொக்சைட்டில் ஊற வைத்து வெளுக்கிறவர்கள் இருக்கிறார்கள். வெளுக்கும், ஆனால் நிறம் திரும்பி வரக்கூடும், பெயின்ரும் பாதிக்கப்படலாம். நானென்றால் விட்டுவிடுவேன். பழைய பொம்மையில் கொஞ்சம் மஞ்சள் இருந்தால் என்ன குறை? மேலும் மஞ்சளாகாமல் தடுப்பதுதான் நம் கையில் இருக்கிறது. யன்னல் கண்ணாடி புற ஊதாக் கதிர் முழுவதையும் தடுக்காது, ஒரு பகுதி உள்ளே வரும். ஆகவே கண்ணாடிக்குப் பின்னால் இருந்தாலும் நேர் வெயில் கூடாது.

இனி அலுமாரி. வெளிச் சுவரில் இல்லாமல், இரண்டு அறைக்கு நடுவில் வரும் உட்சுவரோடு வையுங்கள். அலுமினியச் சட்டத்தில் கண்ணாடி போட்டு அடிப்பதுதான் கடற்கரை வீட்டுக்கு நல்லது. இரும்பு கறள் பிடிக்கும். புதுப் பலகை, அதிலும் தூளை ஒட்டி அழுத்திய எம்டிஎஃப், மாதக்கணக்கில் வாடை விடும், அந்த ஆவி உலோகப் பாகங்களுக்கு நல்லதல்ல. முற்றாகக் காற்றுப்புகாமல் அடைக்கவும் வேண்டாம், கதவுக்கு நூலளவு இடைவெளி இருக்கட்டும். லைட் போடுவதென்றால் எல்இடி, அதையும் ஆட்கள் வரும்போது மட்டும் போடுங்கள்.

தட்டின் அளவுக்குப் பொம்மையைப் பாருங்கள். ஸ்டார் வார்ஸில் முக்கியமாக இரண்டு அளவு: பழைய வழமையான 3.75 அங்குலம், 2013இல் தொடங்கிய பிளாக் சீரிஸின் 6 அங்குலம். முதலாவதுக்கு 6 அங்குல இடைவெளித் தட்டும் இரண்டாவதுக்கு 9 அங்குலமும் தாராளம். இரண்டையும் ஒரே தட்டில் கலக்காதீர்கள். சின்னது பக்கத்து வீட்டுப் பிள்ளை மாதிரி நிற்கும். பின்வரிசையைப் படிக்கட்டுப் போல உயர்த்துங்கள்.

அந்தப் படிக்கட்டில்தான் நான் அடிபட்டேன். காசு மிச்சமென்று ஏசிப் பெட்டிக்குள் வந்த ரெஜிபோமை (வெள்ளைப் பொதி நுரையை) வெட்டிப் படி செய்து, அதில் எட்டுப் பொம்மைகளை நிறுத்தினேன். சில மாதம் கழித்து ஒன்றைத் தூக்கினால் வரவில்லை. பாதம் ரெஜிபோமைத் தின்று உள்ளே இறங்கியிருந்தது. பிவிசியிலிருந்து கசியும் அந்தத் திரவம் ரெஜிபோமைக் கரைக்கும். அன்றிலிருந்து மெதுமையான பொம்மையின் கீழே கண்ணாடி, இல்லாவிட்டால் தடித்த வெள்ளைத் தாள். ஒரு பொம்மை இன்னொன்றோடு முட்டிக்கொண்டு நிற்பதையும் விடுவதில்லை. பூச்சி உருண்டையும் போடாதீர்கள், அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும்.

பெட்டி பிரிப்பதா என்ற கேள்விக்கு என் பதில், பெரும்பாலும் பிரியுங்கள் என்பதுதான். எங்கள் ஈரப்பதத்தில் அட்டை ஊதி, பூஞ்சணம் பிடித்து, கறையானுக்குச் சாப்பாடாகும். அமெரிக்காவில் ஏசி அறையில் இருக்கும் பெட்டியின் விலை உங்கள் பெட்டிக்குக் கிடைக்காது. ஆனால் பிரிக்க முன் அது வெளிவந்த வருடத்தைப் பாருங்கள். 1977இல் முதல் படம் வந்த பிறகு கென்னர் நிறுவனம் முதலில் வெளியிட்ட பொம்மைகளின் காலில் ஜி.எம்.எஃப்.ஜி.ஐ. (அதன் தாய் நிறுவனப் பெயரின் சுருக்கம்) என்ற எழுத்துகள் பொறித்திருக்கும். அட்டையோடு அப்படி ஒன்று வந்திருந்தால் தொடாதீர்கள், அண்ணனுக்குச் சொல்லுங்கள்.

பழையவற்றில் ஒரு விசித்திரம் உண்டு. முதல் படத்தின் மதுக்கடைக் காட்சியில் வரும் ஸ்னாகிள்டூத் என்ற உருவத்தை, இடுப்புக்கு மேல் மட்டும் தெரியும் படத்தை வைத்தே கென்னர் வடிவமைத்ததாம். அதனால் உயரமாக, நீல உடையில், சப்பாத்தோடு 1978இல் அமெரிக்காவின் சியர்ஸ் கடை விற்ற பொம்மைத் தொகுதி ஒன்றில் வந்தது. உண்மையில் அது குட்டையான உருவம். பிறகு சிவப்பு உடையில் குட்டையாகத் திருத்தி வெளியிட்டார்கள். பிழையாக வந்த நீலம்தான் இன்று சேகரிப்பாளர்கள் தேடும் பொருள். பெயரிலும் இப்படி ஒரு குழப்பம் இருக்கிறது. அன்று ஹாமர்ஹெட் என்று அட்டையில் போட்டது பின்னாளில் மோமா நாடன் ஆனது. வால்ரஸ் மேன், பொண்டா பாபா ஆனது. இணையத்தில் தேடும்போது இரண்டு பெயரிலும் தேடுங்கள். பக்கத்தில் பெயர்ச்சீட்டு வைப்பதென்றாலும் இரண்டையும் எழுதுங்கள்.

அம்மாவின் வெருளி வாதத்துக்கு வழி இருக்கிறது: தலை பெரிய, பல் நீண்ட உருவங்களை உங்கள் அறைக்கு எடுங்கள், குட்டையான யோடாவையும் அவன் வகையறாவையும் ஹோலில் விடுங்கள். எங்கள் வீட்டில் இந்தப் பங்கீட்டோடு சண்டை நின்றது.

அப்புறம், அலுமாரியின் கீழ்த்தட்டைத் தரையிலிருந்து இரண்டு அடிக்கு மேலே போடச் சொல்லுங்கள். வாடைக்காலத்துக்கு முன் பிரிக்காத பெட்டிகளை மூடியுள்ள பிளாஸ்டிக் தொட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளோடு போட்டு, உயரத்தில் ஏற்றுங்கள். 2011 ஜனவரி வெள்ளத்தில் என் கட்டிலுக்குக் கீழே இருந்த அட்டைகளெல்லாம் கூழாயின. பொம்மைகள் மிதந்தன, அவற்றைக் கழுவி எடுத்துவிட்டேன்.