டாஸ் கணினியில் பஃபர் எண்ணிக்கை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 4 எம்பி ரேம் உள்ள பழைய 386 கணினியில் எம்எஸ்-டாஸ் 6 ஓடுகிறது. கணினி தொடங்கும்போது டாஸ் படிக்கும் கான்ஃபிக்.சிஸ் கோப்பில் பஃபர்ஸ் எண்ணை 99 ஆக்கினால் வேகம் கூடுமா?

பதில்: கூடாது. பல நேரம் குறையவே செய்யும். பஃபர் என்பது வட்டுத் தகவலைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகப் பகுதி. ஒரு பஃபர் வட்டின் ஒரு செக்டாரை, அதாவது 512 பைட்டை மட்டும் வைத்திருக்கும். நிர்வாகக் குறிப்பும் சேர்ந்தால் ஏறக்குறைய 530 பைட். 99 பஃபருக்கு 50 கேபிக்கு மேல் போய்விடும். டாஸ்=ஹை என்று கொடுத்திருந்தால் பஃபர்கள் ஹை மெமரியில், அதாவது 1 எம்பிக்குச் சற்று மேலுள்ள சிறு பகுதியில், உட்காரும். அங்கே இடம் போதாவிட்டால் மிச்சம் மட்டுமல்ல, எல்லாமே புரோகிராம்கள் ஓடும் 640 கேபி நினைவகத்துக்குள் இறங்கிவிடும். பெரிய புரோகிராம்கள் திறக்க மறுப்பது இதனால்தான். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் நினைவகப் பயன்பாட்டைக் காட்டும் மெம் கட்டளையைக் கொடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

உண்மையான வேகம் ஸ்மார்ட்டிரைவில் இருக்கிறது. இது வட்டுத் தகவலை நினைவகத்தில் வைத்து (கேஷ்) வேகப்படுத்தும் டாஸ் புரோகிராம். கான்ஃபிக்.சிஸ்ஸில், 1 எம்பிக்கு மேலுள்ள நினைவகத்தைப் பயன்படுத்த உதவும் ஹைமெம்.சிஸ் ஏறியிருக்க வேண்டும். தொடக்கத்தில் தானாக ஓடும் கட்டளைகள் உள்ள ஆட்டோஎக்ஸெக்.பேட் கோப்பில் ஸ்மார்ட்டிரைவ் வரியில் 1024, 512 என்ற இரண்டு எண்களைக் கொடுங்கள். முதலாவது டாஸுக்கான கேஷ் அளவு, இரண்டாவது விண்டோஸ் ஓடும்போது அது சுருங்கக்கூடிய குறைந்தபட்சம். பிறகு பஃபர்ஸ் 10 போதும். அதற்கு மேல் வைப்பது ஒரே வேலையை இரண்டு இடத்தில் செய்வதுதான்.

ஒரு ஆபத்து உண்டு. எழுத வேண்டியதை ஸ்மார்ட்டிரைவ் சற்று நேரம் நினைவகத்திலேயே நிறுத்திவைக்கும். அப்போது மின்சாரம் போனால் கோப்பு கெடும். அணைக்குமுன் ஸ்மார்ட்டிரைவ் கட்டளையுடன் சாய்கோடும் சி எழுத்தும் கொடுங்கள். மின்தடை அடிக்கடி வருமானால், ஆட்டோஎக்ஸெக்.பேட்டிலுள்ள ஸ்மார்ட்டிரைவ் வரியில் சி டிரைவின் எழுத்தைக் கூட்டல் குறி இல்லாமல் சேர்த்துவிடுங்கள். வாசிப்புக்கு மட்டும் கேஷ் இயங்கும்.