அந்த 77-ஐ எவ்வளவு நம்பலாம்?

தம்பி, தண்டையார்பேட்டையிலிருந்து அடுத்த மாதம் நெதர்லாந்து வருகிறீர்கள். கம்பெனிப் பயிற்சியில் ‘அதிகார இடைவெளி: இந்தியா 77, நெதர்லாந்து 38’ என்று காட்டினார்களாம், அதை நம்பி நடந்துகொள்ளலாமா என்று கேட்கிறீர்கள். மேலே இருப்பவர், கீழே இருப்பவர் என்ற ஏற்றத்தாழ்வை ஒரு நாட்டில் எவ்வளவு இயல்பாக ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதற்கான எண் அது; எண் கூடினால் ஏற்பும் கூடுதல். பாதி நம்பலாம். நான் ராயபுரம்; இங்கே நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரத்துக்கு வந்து பதினாலு வருடம் ஆகிறது.

கணக்குப் போட்ட சமூக உளவியலாளர் கீர்ட் ஹாஃப்ஸ்டீட் நெதர்லாந்துக்காரர், அதாவது டச்சுக்காரர்தான். 1967 முதல் 1973 வரை பல நாட்டு ஐபிஎம் கம்ப்யூட்டர் கம்பெனி ஊழியர்கள் நிரப்பிய லட்சத்துக்கும் மேற்பட்ட கேள்வித்தாள்கள்தான் அவருக்கு அடிப்படை. ஆக, அந்த ‘இந்தியா’ ஐபிஎம் ஆபீஸில் உட்கார்ந்திருந்த இந்தியா. பெரம்பூர் பின்னி மில்லில் நின்ற என் தாத்தா அதில் இல்லை. கேள்விகளில் ஒன்று, மேலதிகாரியை மறுத்துப் பேச ஊழியர்கள் எவ்வளவு அடிக்கடி பயப்படுகிறார்கள் என்பது. 1918-லேயே சென்னைத் தொழிலாளர் சங்கம் கண்ட அந்த மில் தொழிலாளர்களிடம் போய் இதைக் கேட்டிருக்க வேண்டும்!

அதற்காக எண்ணைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம், மீட்டிங்கில் மேனேஜர் ஒரு தேதியைச் சொல்லி, “என்ன நினைக்கிறாய்?” என்றார். அதற்குள் முடியாது என்று எனக்குத் தெரியும். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். தேதி தப்பியது. தாமதத்தை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “தெரிந்தும் ஏன் சொல்லவில்லை?” என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார். லாரித் தண்ணிக்குக் குடத்தோடு நிற்கும்போது என் வாயை யாராலும் அடைக்க முடியாது. ஆபீஸ் கதவைத் தாண்டியதும் அந்த அடக்கம் எங்கிருந்து வந்ததோ! அப்போதுதான் அந்த 77 எனக்குள்ளும் கொஞ்சம் இருப்பது தெரிந்தது. ‘சார்’ எல்லாம் வேண்டாம், பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். அதைவிட, முடியாதென்றால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, தனிமனிதப் போக்கு: கூட்டத்தோடு சேர்ந்து போகாமல் அவரவர் பாட்டைப் பார்ப்பது. ஹாஃப்ஸ்டீட் அட்டவணையில் டச்சுக்காரர்களுக்கு 80, நமக்கு 48. இது வீட்டு வாசலில்தான் தெரியும். வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு கிண்ணத்தோடு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்தம்மா கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, சிரித்தபடியே டைரியை எடுத்து வந்து, “அடுத்த வியாழன் நாலு மணிக்கு காபி குடிக்க வருகிறாயா?” என்றார். முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. வியாழன் போனேன், இரண்டு மணி நேரம் பேசினோம்.

இவையெல்லாம் நாட்டோடு நாட்டை ஒப்பிடத்தான், ஒரு ஆளை எடைபோட இல்லை என்று ஹாஃப்ஸ்டீடே சொன்னவர்தான். பயிற்சிக்காரர்கள் அதை மட்டும் விட்டுவிடுவார்கள்.

அந்தம்மாவின் மகள் பிறந்தநாளுக்குப் போனபோது, வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக என் கையைப் பிடித்துக் குலுக்கி எனக்கும் வாழ்த்துச் சொன்னார்கள். பிறந்தநாள் அந்தப் பெண்ணுக்கு. நான் வெறும் பக்கத்து வீட்டுக்காரி. 80 மார்க் தனிமனிதர்கள்!

அந்த வீட்டுக்கு இன்றைக்கும் போன் பண்ணிவிட்டுத்தான் போகிறேன்.