அழும் பொம்மை எதற்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பணம் அனுப்பும் செயலி ஒன்றை உருவாக்கும் குழுவில் இருக்கிறேன். செயலியில் உணர்ச்சி இருக்க வேண்டும் என்பது மேலாளரின் கட்டளை. அதனால் பணம் போய்ச் சேர்ந்தால் துள்ளும் பொம்மையும், சேராவிட்டால் அழும் பொம்மையும் வைத்தோம். அழும் பொம்மைக்குத் திட்டு மேல் திட்டு. மென்பொருளுக்கு உணர்ச்சியே வேண்டாமா?

ச., கோவை

அன்புள்ள ச.,

வேண்டும். ஆனால் அது யாருடைய உணர்ச்சி என்பதில்தான் சிக்கல்.

1984இல் வந்த ஆப்பிளின் மெக்கின்டாஷ் கணினியைப் போட்டதும் திரையில் சிரித்த முகத்தோடு ஒரு குட்டிக் கணினி தோன்றும். ஆப்பிளின் வடிவமைப்பாளர் சூசன் கேர் வரைந்தது. தொடக்கச் சோதனைகளில் தேறினால்தான் அந்தச் சிரிப்பு வரும். வன்பொருளில் கோளாறு என்றால் வாடிய முகம், கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் பெருக்கல் குறிகள், கூடவே பிழை எண். இன்றைய மெக்கிலும் கடவுச்சொல்லைத் தப்பாக அடித்தால் பெட்டி இடம் வலமாக ஆடும், தலையசைத்து மறுப்பதுபோல. (நம் ஊரில் அப்படி ஆட்டினால் சரி என்றும் அர்த்தம், அது கிடக்கட்டும்.) இங்கெல்லாம் இயந்திரம் தன் நிலையைச் சொல்கிறது. அது அதற்கு நன்றாகத் தெரிந்த விஷயம்.

நம் மனநிலையை ஊகிக்கப் போகும்போதுதான் அடி சறுக்குகிறது. மைக்ரோசாஃப்ட் ஆபிஸ் 97இல் கிளிப்பி என்ற காகிதக் கிளிப் பொம்மை, கடிதம் எழுதத் தொடங்கினாலே உதவட்டுமா என்று வந்து நிற்கும். எரிச்சல், அவ்வளவுதான். 2014 டிசம்பரில் நடந்தது அப்படியல்ல. ஃபேஸ்புக் ஒவ்வொருவருக்கும் 'உங்கள் ஆண்டு இப்படி இருந்தது' என்று ஒரு தொகுப்பைக் காட்டியது. இணைய வடிவமைப்பு வல்லுநர் எரிக் மேயருக்கு வந்த தொகுப்பின் முகப்பில் அவருடைய மகள் ரெபெக்காவின் படம், சுற்றிலும் ஆடிப்பாடும் கார்ட்டூன் உருவங்கள். அந்தக் குழந்தை அதே ஆண்டு ஜூனில், ஆறாவது பிறந்தநாளன்று, மூளைப் புற்றுநோயால் இறந்திருந்தாள்.

மேயர் அதைப் பற்றி எழுதினார். யாரும் வேண்டுமென்று செய்ததல்ல, நல்ல ஆண்டாக அமைந்தவர்களுக்கு இது பிடித்திருக்கும் என்றே சொன்னார். அவர் கேட்டவை இரண்டு: பயனர் விரும்புகிறார் என்று தெரியும்வரை படத்தை வைக்காதீர்கள், பார்க்கிறீர்களா என்று முதலில் கேளுங்கள். ஃபேஸ்புக் தரப்பு அவரிடம் மன்னிப்புக் கேட்டது.

இப்போது உங்கள் பொம்மை. பணம் போகாதவர் மருத்துவமனை வரிசையில் நிற்கலாம், டீக்கடையிலும் நிற்கலாம். உங்கள் செயலிக்கு அது தெரியாது. பணம் கணக்கிலிருந்து கழிந்ததா இல்லையா என்பது தெரியும், அல்லது இன்னும் தெரியவில்லை என்பதாவது தெரியும். அதைச் சொல்லுங்கள். யூபிஐயில் ஒருவருக்கு அனுப்பிய பணம் கழிந்தும் சேரவில்லை என்றால் அடுத்த நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், அதற்கு மேல் தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2019இலேயே விதி போட்டிருக்கிறது. பொம்மை அழும் இடத்தில் இந்த இரண்டு வரி இருந்தால் திட்டு பாதியாகக் குறையும் என்று நினைக்கிறேன்.

துள்ளும் பொம்மையையும் ஒருமுறை யோசியுங்கள். அமெரிக்காவில் ராபின்ஹுட் என்ற பங்குச்சந்தைச் செயலி திரையில் வண்ணக் காகிதங்களைப் பொழியவிட்டது. பங்கு வணிகத்தைச் சூதாட்டமாக்குகிறது என்ற கண்டனத்துக்குப் பிறகு 2021இல் அதை எடுத்துவிட்டது. கடன் தவணை கட்டுகிறவருக்கு முன்னால் துள்ளாமல், ஒரு பச்சை டிக்கும் சின்ன ஒலியும் போதும். மேலாளரிடம் அதுவும் உணர்ச்சிதான் என்று சொல்லிப் பாருங்கள்.