நிறுவன ஆய்வகத்தில் அறிவியலுக்கு இடமுண்டா?

கேள்வி: பொருளறிவியலில் முனைவர் பட்ட ஆய்வை முடிக்கும் தறுவாயில் இருக்கிறேன். பல பத்தாண்டுகளாக இயங்கிவரும் ஒரு பெருநிறுவன ஆய்வகத்திலிருந்து வேலைக்கு அழைப்பு வந்திருக்கிறது. அங்கே போனால் அறிவியலை மறந்துவிட வேண்டியதுதான் என்கிறார் என் நெறியாளர். நான் எதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்டு முடிவெடுக்க வேண்டும்?

பதில்: உங்கள் நெறியாளர் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. அங்கே பெரும்பாலும் கேள்வி உங்களுடையதாக இராது; நிறுவனம் விற்கும் ஏதோ ஒரு பொருளின் குறையிலிருந்தே அது பிறக்கும். அந்தக் குறையைச் சரிசெய்த பிறகும், அது ஏன் வந்தது என்று துருவிக்கொண்டிருக்க உங்களை விடுவார்களா என்பதே நீங்கள் அறிய வேண்டியது.

ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 1900-இல் அமெரிக்காவின் ஸ்கெனெக்டடி நகரில் தொடங்கிய ஆய்வகத்தில் 1909-இல் வேதியியலாளர் இர்விங் லாங்மியூர் சேர்ந்தபோது, மின்விளக்கின் கண்ணாடி உட்புறம் கறுத்துப்போவது பெரிய தலைவலியாக இருந்தது. உள்ளே எஞ்சிய வாயுவே காரணம் என்று எண்ணி, வெற்றிடத்தை இன்னும் கச்சிதமாக்குவதிலேயே மற்றவர்கள் முனைந்தார்கள். லாங்மியூரோ வாயுக்களை ஒவ்வொன்றாக வேண்டுமென்றே உள்ளே செலுத்தி, என்ன நடக்கிறது என்று பார்த்தார். நிறுவனத்துக்கு இதனால் என்ன பயன் என்று அவருக்கே தெரியாதபோதும், இயக்குநர் வில்லிஸ் விட்னி அவரைத் தடுக்கவில்லை. டங்ஸ்டன் இழை ஆவியாகிக் கண்ணாடியில் படிவதே கறுப்பு என்பது புலப்பட்டது. நைட்ரஜன் நிரப்பி, இழையைச் சுருளாகச் சுற்றினால் அந்த ஆவியாதலும் வெப்ப இழப்பும் குறையும் என்பதும் தெரிந்தது. விளக்கு மேம்பட்டது, அதே பாதையில் தொடர்ந்த பரப்பு வேதியியல் (பொருள்களின் மேற்பரப்பில் நடக்கும் வினைகளைப் பற்றிய) ஆய்வுக்கு 1932-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆகவே நேர்காணலில் ஆய்வகத்தின் புகழை விடுத்து, அதன் பணம் எங்கிருந்து வருகிறது என்று விசாரியுங்கள். தலைமையகமே நேரடியாகத் தருகிறதென்றால் நீண்டகாலக் கேள்விகளுக்கு இடமிருக்கும். உற்பத்திப் பிரிவுகள் ஆண்டுதோறும் பங்கிட்டுத் தருகின்றன என்றால், அடுத்த ஆண்டுக்கான பொருளைத் தாண்டிச் சிந்திப்பது கடினம். அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏ.டி. அண்ட் டி-யின் பெல் ஆய்வகத்தின் பொற்காலமும் அந்நிறுவனத்தின் தொலைபேசி ஏகபோகம் தந்த நிலையான வருவாயில் நின்றதுதான். 1984-இல் அந்த ஏகபோகம் பிரிக்கப்பட்ட பிறகு அந்த நிம்மதி குறைந்தது.

அடுத்தது வெளியீடு. கட்டுரைக்கு முன் காப்புரிமை விண்ணப்பம் என்பது எழுதப்படாத சட்டம் போன்றது. பல நாடுகளில், முன்கூட்டியே வெளியிட்டுவிட்டால் காப்புரிமையே போய்விடும். பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் 1947 டிசம்பர் 23 அன்று மேலதிகாரிகளுக்கு இயக்கிக் காட்டப்பட்டது. உலகுக்கு அறிவித்ததோ 1948 ஜூன் 30 அன்றுதான். ஆறு மாதத் தாமதத்தைப் பொறுக்கலாம், முடிவில்லாத தாமதத்தைப் பொறுக்க முடியாது. அங்கே இருப்பவர்கள் கடந்த மூன்றாண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளைத் தேடிப் பாருங்கள். நேர்காணலில் கிடைக்கும் எந்த உறுதிமொழியையும்விட அது நம்பகமானது.

இவையெல்லாம் திருப்தியாக அமைந்தால் சேருங்கள். கையெழுத்திடும் முன், முனைவர் பட்ட ஆய்வில் நீங்கள் ஏற்கெனவே எட்டிய கண்டுபிடிப்புகளைப் பட்டியலிட்டு, பணி ஒப்பந்தத்துடன் இணைத்துவிடுங்கள். இல்லையேல் அவை பிற்பாடு நிறுவனத்தின் சொத்தா உங்களுடையதா என்ற வழக்கு எழக்கூடும்.