பூச்சியுண்ணும் செடிகளுக்குக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கொழும்பில் வாங்கி வந்த குடுவைச்செடி மூன்று கிழமையில் கருகத் தொடங்கிவிட்டது. இலை நுனியும் காய்கிறது. தினமும் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுகிறேன். பூச்சி கிடைக்காததால் பட்டினியா? (வாசகி, கல்லடி)

பதில்: பட்டினி இல்லை அம்மா, தண்ணீர்தான் காரணம். சத்தில்லாத சதுப்பிலும் மணலிலும் வளர்ந்து, இலை நுனியில் தொங்கும் குடுவைக்குள் பூச்சியைப் பிடித்து உண்டு பழகிய செடி இது. இதன் வேர் உப்பைத் தாங்காது. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கும் உங்கள் ஊரில் கிணற்று நீரோடு உப்பும் கல்சியமும் சேர்ந்தே வரும். நீர் ஆவியாகிப் போகும், உப்பு சாடியிலேயே தங்கும். மண்ணின் மேலோ சாடி விளிம்பிலோ வெள்ளைப் பொருக்கு தெரிகிறதா பாருங்கள். கொதிக்கவைத்து ஆற்றினாலும் உப்புப் போகாது, இன்னும் செறியும்.

சாடியின் அளவைப்போல் மூன்று மடங்கு மழைத்தண்ணீரை மேலால் மெதுவாக ஊற்றிக் கீழால் ஓடவிடுங்கள். மறுநாளும் அப்படியே செய்யுங்கள். கருகிய குடுவை திரும்பத் தேறாது, வெட்டிவிடுங்கள். பார்க்கவேண்டியது புது இலையைத்தான். அதன் நடுநரம்பு கொடிபோல் நீண்டு, நுனியில் நெல் அளவில் ஒரு மொட்டு இருக்கும். அது வீங்கி மேல்நோக்கி வளைந்தால் குடுவை வருகிறது. மொட்டு காய்ந்து நின்றுவிட்டால் வெளிச்சமோ ஈரப்பதமோ போதவில்லை. காலை வெயில் மூன்று மணித்தியாலம் விழும் விறாந்தை ஓரம் நல்லது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் சுவரின் மறைவுக்கு மாற்றுங்கள். அந்த வறண்ட காற்று இரண்டு நாளில் மொட்டைக் காயவைத்துவிடும்.

பஸ்ஸில் கொண்டுவரும்போது குடுவைக்குள் இருந்த நீர் சிந்தியிருந்தால், கால்பங்கு அளவுக்கு மழைத்தண்ணீர் விடுங்கள்.

கேள்வி: வருடம் முழுக்க மழைத்தண்ணீருக்கு எங்கே போவது? (வாசகர், அக்கரைப்பற்று)

பதில்: மாரியில் சேமித்துவிட வேண்டும். ஒரு சிறு சாடிக்கு நாளுக்கு 100 மில்லிலீற்றர் என்று வைத்தால், பெப்ரவரி முதல் செப்டெம்பர் வரை சுமார் 24 லீற்றர் தேவை. கூரைத் தண்ணீர் என்றால் முதல் 15 நிமிட மழையை விட்டுவிட்டுப் பிடியுங்கள். மூடியை இறுக்கி நிழலில் வையுங்கள். தீர்ந்துபோனால் ஆர்.ஓ. தண்ணீர் (நுண்சவ்வால் வடித்து உப்பு நீக்கியது) வாங்கலாம், ஆனால் சுவைக்காகத் தாதுப்பு சேர்த்தது வேண்டாம். நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் கையடக்க ரி.டி.எஸ். மீற்றரில் 50 பி.பி.எம். (பத்து இலட்சத்தில் 50 பங்கு) அளவுக்குக் கீழே காட்டினால் பயப்படாமல் ஊற்றலாம்.

கேள்வி: தும்புத்தூளும் மாட்டெருவும் கலந்து சாடி மாற்றலாமா? (வாசகி, காத்தான்குடி)

பதில்: எரு கூடவே கூடாது, கூட்டெருவும் இரசாயன உரமும் அப்படியே. வேர் எரிந்துபோகும். தும்புத்தூளிலும் உப்பு இருக்கும். மழைத்தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்துப் பிழிந்து, நான்கைந்து தடவை கழுவிய பிறகே தொடுங்கள். குடுவைச்செடிக்குக் கழுவிய பொச்சுத் துண்டு இரண்டு பங்கு, பேர்லைற் (பொரிபோன்ற இலேசான வெள்ளைக் கல்) ஒரு பங்கு, விறகுக்கரித் துண்டு கொஞ்சம் போதும். வாய்போல் மூடும் இலையால் பூச்சி பிடிக்கும் வீனஸ் செடிக்கும், பசைத்துளி உள்ள இலையால் பிடிக்கும் பனித்துளிச் செடிக்கும் உரம் கலக்காத பீற்மொஸ்ஸும் (சதுப்பில் மக்கிய பாசி) பேர்லைற்றும் சமபங்கு. கடற்கரை மணலில் உப்பும் சிப்பியும் உண்டு, அது ஆகாது. மண்சட்டியை விட்டுப் பிளாஸ்டிக் சாடியை எடுங்கள்.

கேள்வி: வீனஸ் செடியின் வாயைப் பிள்ளைகள் குச்சியால் தொட்டு மூடவைக்கிறார்கள். செடி மெலிந்துகொண்டே போகிறது. (வாசகர், கல்முனை)

பதில்: உள்ளே இருக்கும் மெல்லிய உரோமங்களைச் சுமார் 20 வினாடிக்குள் இரண்டு தரம் தொட்டால் பொறி மூடும். ஒவ்வொரு மூடலுக்கும் செடி சக்தி செலவழிக்கிறது. இரை இல்லாமல் சில தடவை மூடினால் அந்தப் பொறி கருகும். பிள்ளைகளிடம் அதைச் சொல்லுங்கள். இறைச்சி, சோறு எதுவும் கொடுக்கவேண்டாம், அழுகும். பொறியின் மூன்றிலொரு பங்கு அளவான பூச்சி போதும்.

இன்னொரு உண்மையையும் சொல்லவேண்டும். இதன் சொந்த இடம் அமெரிக்காவின் வட, தென் கரோலினாக் கரையோரம். அங்கே குளிர்காலத்தில் மூன்று நான்கு மாதம் உறங்கி எழும். நம்மூரில் அந்தக் குளிர் இல்லாததால் எவ்வளவு கவனித்தாலும் ஓரிரு வருடத்தில் தளர்ந்துவிடும். உங்கள் தவறு என்று மனம் நோகவேண்டாம். முதல் தடவை வாங்குபவர்களுக்கு நாங்கள் சொல்வது வெப்பநிலத்துக் குடுவைச்செடியைத்தான்.

கேள்வி: சிங்கராஜாவில் குடுவைச்செடி காடாக வளர்கிறதாமே, ஒன்று பிடுங்கி வரலாமா? (வாசகர், அம்பாறை)

பதில்: வேண்டாம். அது இலங்கைக்கு மட்டுமே உரிய இனம். காப்புக்காட்டில் செடி பிடுங்குவது குற்றம். பிடுங்கியது பெரும்பாலும் பிழைப்பதும் இல்லை. நாற்றுமேடையில் வளர்த்ததையே கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: சாடியின் கீழ்த் தட்டில் தண்ணீர் வைத்தால் டெங்கு நுளம்பு வராதா? (வாசகி, ஏறாவூர்)

பதில்: வரும். குடுவைச்செடிக்குத் தட்டுத் தண்ணீரே தேவையில்லை, மேலால் ஊற்றி வடியவிடுங்கள். வீனஸுக்கும் பனித்துளிச் செடிக்கும் 1 முதல் 2 சென்ரிமீற்றர் நீர் நிற்கவேண்டும். நான்கு நாளுக்கு ஒருமுறை அதைக் கொட்டி, தட்டின் ஓரத்தைத் தும்பால் நன்றாகத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் விடுங்கள். முட்டை ஓரத்தில்தான் ஒட்டியிருக்கும், கொட்டினால் மட்டும் போகாது. மழைத்தண்ணீர் வாளிக்கு மூடியின் கீழே நுளம்புவலைத் துண்டு ஒன்றும் கட்டிவிடுங்கள்.